தொண்டையில் சிக்கிய ஜவ்வு

கருவாயன் குரைக்கவில்லை. வாணியம்பாடித் தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப் போட்டு மயிர் வழிக்கும் வேலையை முடித்து தேவசகாயம் தெருமுனையில் திரும்பினாலே ஊரைக் கூட்டும் நாய், அன்று தாடை தொங்க, கோழை ஒழுக, வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது.

ஷாப்பில் தோலிலிருந்து வழித்துப் போட்ட ஜவ்வைத் திருடித் தின்று, அதுதான் சிக்கியிருக்கும் என்று நினைத்தான். பிள்ளையில்லாத வீட்டில் அந்த நாய்தான் பிள்ளை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வருமா?

"வாயத் தொறடா கண்ணு, பாக்கறேன்."

சுண்ணாம்பு அரித்து வெடித்த விரல்களை அடித்தொண்டை வரை விட்டுத் துழாவினான். சூடும் வழவழப்பும்தான். எதுவும் சிக்கவில்லை. மறுநாள் நாய் செத்துக் கிடந்தது.

ஷாப்புக் காவல்காரர் ஷபீ அஹமது கேட்டார்: "வெறி புடிச்சிருக்கப் போவுதுபா. கடிச்சுதா?"

"பல்லே படல பாய்."

"அப்ப பேஜார் இல்ல. கடிச்சிருந்தா குன்னூருக்கு ரயிலேறி நாய்க்கடி ஊசி போட்டுக்கணும்."

பாய் சொன்னது வயிற்றில் பாலை வார்த்தது. நாய்க்குப் பல்லில்தான் விஷம் என்று ஊரே நம்பியது, அவனும் நம்பினான். மழைக்காலம் வந்தது, பாலாற்றில் தண்ணீர் ஓடி வடிந்தது. நாயை மறந்தே போனான்.

பிறகு வலக்கை விரல்கள் குறுகுறுத்தன. சுண்ணாம்புதான் என்றான் மனைவி ஜெபகனியிடம். ஒரு மாலை, ஊறிய தோலின் நாற்றமும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பும் வழக்கம்போல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வர, அவற்றோடு குழியில் தண்ணீர் சொட்டும் ஓசையும் வீடுவரை கூடவே வந்தது. கதவைச் சாத்தினான். ஓசை நிற்கவில்லை. பானை. தண்ணீர். சொட்டு.

ஜெபகனி சொம்பை நீட்டினாள். உள்ளே நீர் அசைந்தது. அவன் தொண்டை இறுகி, உடம்பு தூக்கிப்போட்டது. சொம்பு உருண்டது.

அப்போதுதான் புரிந்தது. பல் படவில்லை. எச்சில் பட்டது. வெடிப்பு முழுக்க.

சொல்ல வேண்டும். கிட்ட வராதே. குரல் எழவில்லை. கரகரப்பு மட்டும். மோவாயில் ஏதோ ஒழுகியது.

"இன்னாங்க, தொண்டையில எதனா சிக்கிக்கிச்சா?"

அவள் அருகில் மண்டியிட்டாள். ஷாப்புக்கு ஆவாரம்பட்டை உரித்து உரித்துக் கீறிய விரல்கள். இரத்தம் காயாத விரல்கள். அவன் உதட்டைத் தொட்டன.

"வாயத் தொறங்க, பாக்கறேன்."

அவன் வாய் தானாகவே திறந்தது.