நீர்க்காத உப்பு

ஆடி மாத மழையில் உப்பு உதிரி உதிரியாக இருந்தது. முதலில் கையில் பட்ட தப்பு அதுதான்.

குழம்புக்குப் போட, உப்பு வைத்திருக்கும் மரவைக்குள் கைவிட்ட இன்பமேரி, பல்லியைத் தொட்டவள் மாதிரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். வண்டிப்பெரியாறுக்கு மேலே தேயிலை மலையில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆனி பிறந்தால் அங்கே உப்பு நீர்த்துப்போய், கரண்டியால் மொண்டு ஊற்றும் பதத்துக்கு வந்துவிடும். தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு தூங்கினால்தான் காலையில் அடுப்பு எரியும். செருப்பில் பூசணம், செபமாலையில் பூசணம், ஞாயிறு பூசைக்கு உடுத்தும் சேலையிலும் பூசணம். அந்த மழையில் பூசணம் பிடிக்காத பொருள் கங்காணியின் நாக்கு ஒன்றுதான். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் சுவர்கள் வியர்த்து வழியும், பாயில் நனைந்த நாயின் வாடை அடிக்கும், வாசற்படியில் அட்டைகள் தலைதூக்கி நின்று ஆள் வாசனை பிடிக்கும். இப்போதும் வெளியே மழை கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே உப்பு மட்டும் ஆற்று மணலாக விரலிடுக்கில் உதிர்ந்தது.

அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வாசல் நிலையில் மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருந்த தீர்த்தக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். நேற்று நிரப்பியது, அடியில் வெள்ளையாக ஒரு பொருக்குத்தான் மிச்சமிருந்தது.

“என்னங்க, வந்து இத பாருங்க.”

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த சுவக்கீன் தலையை மட்டும் திருப்பினான். “காஞ்சிருந்தா நல்லதுதானட்டி. வழவழன்னு அழுதுக்கிட்டிருக்க உப்புதான் ஒனக்குப் பிடிக்குமோ? தீவுல எல்லாம் இப்பிடித்தான் இருக்குமாம். இப்பவே பழகிக்கோ.”

தீவு. மூன்று மாதமாக அந்த வீட்டில் அதே பேச்சுதான். சுவக்கீன் பங்களாவில் பட்லர். அவன் சமையலிலேயே வயிறு வளர்த்த பழைய துரை, வெள்ளைக்காரன் ஆட்சி போன பிறகும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்கிற தீவில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. மழை விட்டதும் குடும்பத்தோடு கப்பலேறி வா, கப்பல் கூலி என் பொறுப்பு, ஒரு குளிர்காலம் பூராவும் என் வீட்டில் ஓய்வாக இருந்துவிட்டுப் போ என்று சொல்லியனுப்பியிருந்தார்.

“அங்க போயி என்ன வேலை செய்யணும்?” என்று இன்பமேரி முதல் நாளே கேட்டாள். பிறந்ததிலிருந்து கொழுந்து கிள்ளுகிறவள் வேறு என்ன கேட்பாள்!

“ஒரு வேலையும் இல்ல. கடக்கரையில துணிய விரிச்சுப் படுத்துக்கிட வேண்டியதுதான். ஆரஞ்சு தின்ன வேண்டியதுதான்.”

“சும்மா படுக்கதுக்கா கப்பலேறிப் போவாக? அத இந்தத் திண்டுலயே படுத்துக்கிடலாமே.”

கேலி பேசினாளே தவிர, போக வேண்டும் என்ற தவிப்பு அவளுக்குத்தான் அதிகம். காரணம் பிலோமி. ஆறு வயது, ஒரே பிள்ளை. மழைக்காலம் வந்தால் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும். சீழ்க்கையாக மூச்சு மேலே ஏறும், நடுவில் தடுக்கி நிற்கும், இறங்கும்போது கடைசியில் ‘ம்மா’ என்று ஒரு சத்தம் வரும். கூப்பிடுவது அல்ல அது, வெறும் மூச்சு. ஆனாலும் அந்த ‘ம்மா’ கேட்டதும் இன்பமேரி எங்கிருந்தாலும் ஓடிவந்து, பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு, முதுகைத் தடவத் தொடங்கிவிடுவாள். ஈரமில்லாத ஊரில் கொஞ்ச நாள் வைத்திருந்தால் சரியாகும், இல்லாவிட்டால் இன்னொரு மழைக்குத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்று கம்பவுண்டர் ஏசுரத்தினம் சொல்லியிருந்தார்.

ஆகவே சாயங்காலமானால் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மூவரும் திட்டம் போட்டார்கள்.

“கடல்ல அட்டை உண்டாப்பா?”

“அட்டையே கிடையாது தாயி. வெயிலு, மணலு, நாம மூணு பேரு. அம்புட்டுத்தான்.”

சுவக்கீன் பாவா கடையில் பச்சைத் தகரப் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். நீளப் பெட்டி, ஆளுயரத்தில் பாதி இருக்கும். மூன்று பேருக்கும் அந்த ஒரு பெட்டிதான் என்றான். “பாரமில்லாம வரணும்னு துரை சொல்லியிருக்காரு.”

துரை அனுப்பிய பொட்டலத்தில் காய்ந்த அத்திப்பழமும் ஒரு கடல்பஞ்சும் வந்திருந்தன.

அத்திப்பழத்தைத் தின்றுவிட்டார்கள். பஞ்சுதான் தங்கிவிட்டது. அந்தத் தீவுக்காரர்கள் கடலுக்குள் முங்கி, பாறையில் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கும் அதை அறுத்துக்கொண்டு வருவார்களாம். உடம்பு தேய்த்துக் குளிக்க அதைப்போல ஒன்று கிடையாதாம். தேன் நிறம். மேலெல்லாம் பொத்தல்கள், சிறியதும் பெரியதுமாக, சில பொத்தல்களுக்கு உதடு போலத் தடித்த ஓரம். பார்த்த கணமே இன்பமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உயிரோடு அறுத்ததை வைத்துப் பிள்ளையின் மேலைத் தேய்ப்பதா! சுவக்கீனோ ஆசை ஆசையாய்த் தானும் தேய்த்துக்கொண்டான், மகளுக்கும் தேய்த்துவிட்டான். அதைப் பிழிந்து, வீட்டுக்குள் குளிக்கவும் கழுவவும் இருந்த அங்கணத்துத் திட்டில் வைத்துவிட்டுப் போவான். காலையில் பார்த்தால் அது பிழியாதது போல் உப்பியிருக்கும்.

வீடு காயத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். உப்புக்கு அடுத்து பாய் காய்ந்தது. மாசக்கணக்கில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த உத்தரம் காய்ந்து வெடிப்பு விட்டது. சேதி லயம் முழுக்கப் பரவ, அடுத்த வீட்டு மூக்கம்மாள் ஒரு கூடை ஈரத்துணியோடு வந்து நின்றாள்.

“மதினி, ஒங்க வீட்டுல கொடி கட்டிக்கிடட்டா? எங்க வீட்டுல பிள்ளைக சட்டையில காளான் முளைக்கி.”

கொடியில் போட்ட துணி, அடுப்பில் சோறு கொதிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்தது. மூக்கம்மாள் வாயெல்லாம் பல்லாகப் போனாள். அங்கணத்துப் பக்கம் பார்த்து, “அங்க என்னத்த போட்டு வச்சிருக்கிய, கவிச்சி அடிக்கே?” என்று மட்டும் கேட்டாள்.

கவிச்சிதான். மீன் கவிச்சி என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்பமேரிக்கு அந்த வாடை எதன் வாடை என்று தெரிந்திருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. தூங்கி எழுந்த பிள்ளையின் வாயில் அடிக்கும் எச்சில் வாடை அது.

ஆனால் பிலோமிக்கு இழுப்பு நின்றுவிட்டது. மழை கொட்டுகிற ஆடியில் பிள்ளை மூச்சுவிடும் சத்தமே கேளாமல் தூங்கினாள். ஒரு தாய்க்கு அதற்குமேல் என்ன வேண்டும்? இன்பமேரி மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கணத்தில் பாத்திரம் கழுவப் பழகினாள்.

ஒருநாள் பாத்திரம் கழுவும்போது பஞ்சின் மேல் கை பட்டுவிட்டது. இளஞ்சூடு. யாரும் குளிக்காத நேரம். அவள் விரல் பட்ட இடத்தில் ஒரு பொத்தல் மெல்லச் சுருங்கி, மறுபடி விரிந்தது. உள்ளேயிருந்து கொழகொழவென்று சளி மாதிரி ஒன்று வழிந்தது. அதில் பிலோமியின் முடி ஒன்று சுருண்டு கிடந்தது.

அவ்வளவுதான். இன்பமேரி அதை விறகுக் கட்டையால் தள்ளி முறத்தில் ஏற்றி, மழைக்குள் ஓடி, லயத்துக்குப் பின்னால் இருந்த ஓடையில் வீசிவிட்டு வந்தாள். வந்ததும் சாம்பலை அள்ளிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

விளக்கேற்றும் நேரத்துக்குள் சுவர்கள் வியர்க்கத் தொடங்கின. உப்பு நீர்த்தது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் பிலோமி இருமினாள். சீழ்க்கை. தடுக்கல். ம்மா. மடியில் போட்டுத் தடவத் தடவ மூச்சு குறைந்துகொண்டே போனது. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. கண் மேலே செருகியது.

சுவக்கீன் கத்தினான். “எங்கட்டி அது? அத எங்க போட்ட?”

“அது வேண்டாங்க, அது நல்லதில்ல…”

“பிள்ள சாகுதுட்டி!”

அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஓடையில் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தாள். போகவில்லை. விழுந்த இடத்திலேயே கல்லைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுற்றியிருந்த மண் அந்த மழையிலும் வெளுத்துக் காய்ந்திருந்தது. அதன் மேல் ஏறிய அட்டைகள் சுருண்டு, கருகருவென்று தேயிலைத் தூளாகக் கிடந்தன. இன்பமேரி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் அதைக் கல்லிலிருந்து பிய்த்தாள். கனத்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் தூக்க முடிந்தது. வழியெல்லாம் அது அவள் ரவிக்கையை உறிஞ்சிக்கொண்டே வந்தது. தன் கையால் கொண்டுவந்து, தன் கையால் அங்கணத்தில் வைத்தாள்.

பிலோமியின் மூச்சு சீரானது.

அதற்குப் பிறகு அவள் யாரிடம் போய் என்ன சொல்ல? பிள்ளை சுகமாக இருக்கிறாள் என்றா? பிலோமி ஓடி விளையாடினாள். ஒருநாள் படியில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். அழுதாள், கண்ணீர் வரவில்லை. காயத்தில் ரத்தம் வரவில்லை. செம்மண் மாதிரி கொஞ்சம் தூள் உதிர்ந்தது. அவளே அதைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள். தண்ணீர் குடிப்பதில்லை. ஒன்றுக்குப் போவதில்லை. தூக்கினால் காலிக் கொழுந்துக் கூடையைத் தூக்குவதுபோல் இருந்தது. சுவக்கீன் அடுப்படியில் நின்றாலும் வியர்ப்பதில்லை. அவன் பேசும்போது வார்த்தைகளுக்குப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எப்போதும் சிரித்த முகமாக இருந்தார்கள். சிரிக்கையில் உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

“பாரம் கொறஞ்சாப்புல இருக்குட்டி,” என்றான். “நீயும் ஒருதடவ தேச்சுக் குளிச்சுப் பாரேன்.”

அவள் குளிக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் படுக்கவும் இல்லை. கட்டின புருஷனையும் பெற்ற பிள்ளையையும் தொடக் கூசியது. அப்படிக் கூசியதை நினைத்தும் அருவருப்பாக இருந்தது.

பிறகு ஒருநாள் மத்தியானமே மலை இருட்டிக்கொண்டு வந்தது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு இன்பமேரி வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கு அந்தப் பஞ்சை அடுப்பில் போட்டுக் கொளுத்திவிடுவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காய்ந்த ஊராகப் பார்த்துக் கம்பத்துக்கு இறங்கிவிடுவது என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டே வந்தாள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே மழைச் சத்தம் எட்டவில்லை. செத்தை வாடை.

“பிலோமி?”

நடுவீட்டில் பச்சைப் பெட்டி. மூடி திறந்திருந்தது. பெட்டி கட்டி முடித்துவிட்டான் போல என்று நினைத்தாள். கிட்டே போனாள்.

அடியில் சுவக்கீன். கால் இடுப்பில் மடிந்து, கை நெஞ்சில் மடிந்து, கஞ்சி போட்டுத் தேய்த்த துணியாக மட்டமாகக் கிடந்தான். அவன் மேல் பிலோமி. மூன்றாக மடிந்து. முகம் மட்டும் மேலே பார்த்தபடி. கண் அசைந்தது. உதடு பல்லிலிருந்து பிரிந்தது.

“எடம் இருக்கும்மா.”

சொல்லிவிட்டு, ஓலை உரசுகிற சத்தத்தோடு ஓரமாக நகர்ந்தாள். பக்கத்தில் இன்னொரு ஆள் மடிந்து படுக்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள்.

இன்பமேரி வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னால் நகர்ந்தாள். சுவரில் முட்டினாள்.

அப்போது அங்கணத்தில் கேட்டது.

சீழ்க்கை.

தடுக்கல்.

ம்மா.

அவள் திரும்பிப் பார்த்தாள். அது திட்டை விட்டு இறங்கியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்த உயரம். ஈரம். பளபளப்பு. எல்லாப் பொத்தல்களும் சேர்ந்து விரிந்தன, மூச்சு மேலே ஏறியது, நடுவில் நின்றது. வரவில்லை. வரவில்லை. பிறகு இறங்கியது.

ம்மா.

ஓட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு ஓடிய கால் அது. அங்கணத்தில் போய் உட்கார்ந்தாள். குமட்டலை விழுங்கினாள், விழுங்க எச்சில் இல்லை. அதை இழுத்து மடியில் குப்புறப் போட்டுக்கொண்டாள். சூடாக இருந்தது. பிள்ளையின் வாடை அடித்தது.

“ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல,” என்று காற்றாகச் சொல்லிக்கொண்டு தடவினாள். ஒவ்வொரு தடவலுக்கும் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. ஒவ்வொரு தடவலுக்கும் அவள் உள்ளங்கையிலிருந்து தோல் வெள்ளையாய் உதிர்ந்தது. பின்னால் பெட்டிக்குள் யாரோ பொறுமையாக நகர்ந்து, இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்கள்.