ஏலத்து வீட்டு விளக்கு

“கொள்ளுப் பருப்பு இன்னைக்குத் தனி ருசி, பத்மா” என்று சொல்லிக்கொண்டே ஈஸ்வரமூர்த்தி கையைத் துடைத்தான்.

பத்மாவதி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னல் திரைக்குத் துணி எடுக்கக் காந்திபுரம் போய், டவுன் பஸ்ஸில் கசங்கி, அப்போதுதான் வீட்டுக்குள் கால் வைத்திருந்தாள். காலையில் அவள் செய்துவைத்துவிட்டுப் போனது ரசமும் அப்பளமும்தான். கொள்ளு வாங்கவே இல்லை. ஆனாலும் அடுக்களையில் பூண்டும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனை, புதுச் சுண்ணாம்பு நெடியையும் தள்ளிக்கொண்டு நின்றது. பாத்திரங்களெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன.

“யாருங்க வந்தது?”

“இதென்ன கேள்வி? நீதான பரிமாறுனே?” என்று சிரித்தான் புருஷன்.

எவளோ வந்திருக்கிறாள், இவன் மறைக்கிறான். அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வேறு பெண்ணாக இருந்தால் அந்தப் பதிலுக்கே பயந்திருப்பாள். பத்மாவதிக்கு வயிறு எரிந்தது.

அந்த வயிற்றெரிச்சல்தான் இந்த வீட்டையே வாங்க வைத்தது. ஓரகத்தி நாச்சியம்மாள் மாடி வீடு கட்டிக் குடிபோன நாளிலிருந்து பத்மாவதிக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனை நச்சரித்து, சிங்காநல்லூர்ப் பக்கம் பேங்க்காரர்கள் ஏலம் விட்ட வீட்டை எடுக்க வைத்தாள். வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. கரையான் தின்ற கதவுகளை மாற்றி, ஒழுகிய மாடியைப் பூசி, பாதி வேலை நடக்கும்போதே தொண்ணூற்று நாலு தையில் பால் காய்ச்சிவிட்டார்கள்.

பால் காய்ச்சும்போது வீட்டுக்காரியின் தாய்வீட்டுச் சீர் விளக்கைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். ஏற்றிய விளக்கு யாருடையதோ, அவள்தான் வீட்டுக்காரி என்பார்கள். பத்மாவதியின் அம்மா கொடுத்தது சாண் உயர விளக்கு. நாச்சியம்மாளுடையதோ இடுப்பு உயரம். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் இந்தச் சுண்டைக்காயை எப்படி வைப்பது? மாடிப்படிக்கு அடியில், பழைய வீட்டுக்காரர்கள் விட்டுப்போன சாமான்களுக்கு நடுவே, பச்சை பூத்த குத்துவிளக்கு ஒன்று கிடந்தது. நாச்சியம்மாளுடையதைவிட அரைச்சாண் உயரம். புளி போட்டுத் துலக்கினாள். தங்கமாக மின்னியது.

“இது யாருது பத்மா?” என்று நாச்சியம்மாள் கேட்டாள்.

“எங்காத்தா ஊட்டுச் சீருங்கக்கா” என்று பத்மாவதி கூசாமல் சொன்னாள். ஓரகத்தியின் முகம் சுருங்கியது. பத்மாவதி அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

கொள்ளுப் பருப்புக்குப் பிறகு அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். கொத்தனார்கள் போய், வெயில் சாய்ந்து, ஈரச் சிமெண்ட் வாசனை மட்டும் மிஞ்சும் வேளையில் மாடியின் மொசைக் தரையில் மெட்டி உரசும் சத்தம் கேட்கும். இவள் படியேறினால் அது அடுக்களைக்கு இறங்கிவிடும். அடுக்களைக்கு ஓடிவந்தால் அங்கே ஈரமான அம்மியும், அரைத்த மல்லியின் வாசனையும், யாரோ இவ்வளவு நேரம் சாய்ந்து நின்றதுபோல் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். காலையில் இவள் வாசலில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்தால், காப்பி குடித்து முடிப்பதற்குள் அங்கே பெரிய கோலம் விரிந்திருக்கும்.

“இந்த ஊட்டுக்கு வந்தப்பறம் நீ ஆளே மாறிப்போட்டே” என்றான் ஈஸ்வரமூர்த்தி. “முன்னயெல்லாம் இப்படிச் சிரிக்கவே மாட்டே.”

அன்று அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

போட்டிக்கு அவளும் சமைத்துப் பார்த்தாள். அவன் பாதியில் தட்டை நகர்த்தினான். “நேத்து வெச்ச மாதிரி வரலியே” என்றான். பத்மாவதி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கண்ணுக்குத் தெரியாத சக்களத்தியை எந்த மயிரைப் பிடித்து வெளியே இழுப்பது?

எதிர் வீட்டு அம்மாள்தான் ஒருநாள் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

“பால் காச்சுன அன்னிக்கே சொல்லோணும்னு இருந்தேன் கண்ணு. அது பங்காரம்மா வெளக்கு. முன்ன இந்த ஊட்டுல இருந்த வெங்கடபதி நாயுடு சம்சாரம். பேங்க்காரங்க பூட்டுப் போட்டப்ப, ஒருக்கா அத ஏத்திப்போட்டுப் போயர்றனுங்கன்னு கெஞ்சுனா. அவங்க உள்ளயே உடல. பொழுது உழுந்து இருட்டறவரைக்கும் கேட்டுக்கு வெளிய நின்னு ஊட்டையே பாத்துட்டிருந்தா. அப்பறம் அவள ஒருத்தருங் காணல.” குரலைத் தாழ்த்தினாள். “அவ வெளக்க நீ எதுக்குக் கண்ணு ஏத்துனே?”



மறுநாள் மத்தியானம் விளக்கைத் தனித்தனியாகக் கழற்றிச் சாக்குப்பையில் திணித்துக்கொண்டு உக்கடம் பஸ் ஏறினாள். கைக்குழந்தைபோல் அது மடியில் கனத்தது. அப்போதுதான் திரியை அணைத்ததுபோல் சூடாக இருந்தது. அங்கே பெரிய குளத்தில் ஆகாயத்தாமரை மண்டிய ஓரமாக இறங்கி, முழங்கால்வரை சேற்றில் நின்று, பையோடு தள்ளிவிட்டாள். தண்ணீர் மூடிக்கொண்டது.

“இனி இது என்ற ஊடு. அவரு என்ற புருஷன்” என்று சத்தமாகவே சொன்னாள்.

கரையேறியதும் பஸ் பிடித்ததும் அவளுக்குச் சரியாக நினைவில்லை. வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினாள். சத்தம் எழவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். அப்போதும் எழவில்லை.

ஜன்னலுக்குப் போனாள்.

கூடத்தில் ஈஸ்வரமூர்த்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே ஒருத்தி, முதுகைக் காட்டி. குனிந்து பரிமாறினாள். என்னவோ சொன்னாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். பத்மாவதியிடம் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.

“மாமா! கதவத் தெறங்க!”

அவன் நிமிரவில்லை.

“மாமா, நானுங்க! பத்மா!”

பிசைந்த கை நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்தான். அவள் நின்ற இடத்தைத்தான் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

“காத்து ஒரு மாதிரி அடிக்குது. சன்னலச் சாத்து, பத்மா.”

“சாத்தறனுங்க மாமா.”

பத்மாவதியின் குரல். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்றவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒருத்தி எழுந்தாள். திரும்பினாள்.

பத்மாவதியின் முகம். அதே நெற்றி, அதே மோவாய். எரிச்சல் மட்டும் இல்லை. கழுவித் துடைத்ததுபோல் அவ்வளவு அழகாக இருந்தது.

விட மாட்டேன். ஜன்னல் கம்பிகளை இறுகப் பிடித்தாள். என்ற ஊடு. விட மாட்டேன்.

அந்த முகம் பக்கத்தில் வந்தது. அவளைப் பார்த்தது. அது மட்டும் பார்த்தது. ‘ச்சு’க் கொட்டியது.

ஜன்னல் கதவை மெதுவாகச் சாத்தியது. மரம் அவள் விரல்கள்மேல் வந்தது. நிற்கவில்லை. விரல்களுக்குள் புகுந்தது. சட்டத்தோடு போய்ப் பொருந்தியது. உள்ளே கொண்டி விழுந்தது.

வலிக்கவே இல்லை.