மூன்றாவது சட்டை

தோணியை விட்டு இறங்கியதிலிருந்தே பிள்ளையின் பாரம் கூடிக்கொண்டு வந்தது. ரிக்ஷாவில் மடியில் கிடத்தியிருந்தும் ஜெகதீஸ்வரிக்குத் தொடை விறைத்துப் போனது. நாலு வயதுத் தவமலர் காலையில் இப்படிக் கனக்கவில்லையே!

நாள் முழுக்க அலைச்சல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மச்சாள் அருந்ததிக்குக் களனியைக் காட்டவேண்டுமாம். காட்டுகிறேன் என்று சொன்ன மனிதர், இவள் கணவர் சவுந்தரநாயகம், விகாரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மரநிழலில் குறட்டை விட்டார். பிள்ளைகளை ஆற்றில் குளிப்பாட்டியதும், சோற்றுப் பொதி பிரித்ததும், எச்சில் இலை பொறுக்கியதும் எல்லாம் இவள்தான். யுத்தகாலக் கூப்பனுக்குக் கிடைத்த மஞ்சள் பூச்சீத்தையில் மூன்று சட்டைகள் தைத்திருந்தாள்: மகளுக்கு ஒன்று, மச்சாளின் மகளுக்கு ஒன்று, மாற்றுக்கு ஒன்று. மண் பட்டதென்று அலசிக் கல்லில் விரித்த மாற்றுச் சட்டையை ஆறு கொண்டுபோய்விட்டது. அதற்கு அழக்கூட அவளிடம் தெம்பு இருக்கவில்லை.

திரும்பும்போது பொழுது பட்டுவிட்டது. துறையில் ஒரே சனம். நித்திரையான பிள்ளைகளைத் தோணியிலிருந்து கைமாற்றிக் கைமாற்றிக் கரைக்கு விட்டார்கள். மஞ்சள் பூவைக் கண்டதும் வாங்கித் தோளில் சாய்த்தாள். முகத்தை யார் பார்த்தது? "நான் முன்னால போறன், நீங்கள் வாங்கோ," என்று கணவருக்குக் கத்திவிட்டு ரிக்ஷா ஏறினாள்.

மடி நனைந்தது. மூத்திரம் பெய்துவிட்டாளாக்கும், சனியன், என்று நினைத்தாள். ஆனால் ஈரம் சில்லென்றிருந்தது. தலைமயிரில் ஆற்றுச் சேற்று மணம். வெடுக்கென்று விழித்து அழப்போகிறாளே என்று முதுகைத் தட்டிக் கொடுத்தபடியே வந்தாள்.

கொட்டாஞ்சேனையில் வாசலுக்கு வந்ததும் ரிக்ஷாக்காரன் மூச்சிரைத்தான். "ரெண்டு பேருதானாம்மா? நாலு பேர இழுத்தாப்புல இருக்கு."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், விளக்கேற்றவும் ஏலாமல் கதிரையில் விழுந்தாள். முதுகைத் தட்டுவதை மட்டும் கை விடவில்லை.

சற்று நேரத்தில் வாசலில் ரிக்ஷா மணிச்சத்தம். சவுந்தரநாயகம் லாந்தரும் மச்சாளின் மகளுமாக வந்தார். பின்னால் அருந்ததி.

"மச்சாள், உங்கட மகள் வழி முழுக்க அம்மா அம்மா எண்டு ஒரே அரியண்டம்! இந்தாங்கோ."

ஜெகதீஸ்வரியின் கை நின்றது.

வெளிச்சத்தில் இரண்டு மஞ்சள் சட்டைகள். இரண்டும் காய்ந்தவை.

தவமலர் கண்ணைக் கசக்கினாள். "அம்மா, என்ர மற்றச் சட்டை!"

அருந்ததியின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

வராதை. வராதை, பிள்ளை.

சொல்ல வாயெடுத்தாள். கழுத்தைச் சுற்றிக் கிடந்த சின்னக் கைகள் இறுகின. ஒன்று மட்டும் மெல்லக் கீழே இறங்கியது.

வழியெல்லாம் அவள் தட்டிய அதே தாளத்தில், அது அவள் முதுகைத் தட்டத் தொடங்கியது.