செருப்பு இடம் மாறியது

ஞாயிறு காலை எட்டு மணி பத்து நிமிடம். எதிர்வீட்டு வாசலில் சிரிப்பு வெடித்தது. சித்தப்பா தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டார்.

அவர் இரவுப் பேருந்தின் ஓட்டுநர். விடிந்த பிறகுதான் படுப்பார்.

எதிர்வீடு ஆறு மாதமாகப் புத்தர் கோயில். "குடியிருக்கும் தெருவில் கோயில் வேண்டாம், ஒரே சத்தம்" என்று சித்தப்பா நகரத் திட்ட அலுவலகத்துக்கு மனு எழுதிவிட்டார். அடுத்த ஞாயிறு அதிகாரி வருகிறார். சத்தம் கேட்டால் கோயிலுக்கு அனுமதி கிடைக்காது.

அவருடைய அண்ணன் மகள் நண்டுவுக்கு மனசு கேட்கவில்லை. ஐம்பது பேர் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதை அவள் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். அவளால் ஐந்து நிமிடம் முடியாது. அதனால்தான் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

"அவங்க பேசவே மாட்டாங்களே, சித்தப்பா!"

"உள்ளே பேச மாட்டாங்க. வெளியே வந்து வட்டியும் முதலுமா பேசுவாங்க. நான் தூங்கலைன்னா பஸ்ல வர்றவங்க கதி என்னடி?"

அதுவும் நியாயம்தான்.

நண்டு வெளியே போய்ப் பார்த்தாள். எல்லோரும் செருப்பைத் தேடினார்கள். தேடும்போது பேசினார்கள். கிடைத்த பிறகும் பேசினார்கள். கோயில் வாசலில் இருந்த அலமாரியிலும் அதைச் சுற்றியும் செருப்புகள் கிடந்தது சித்தப்பாவின் ஜன்னலுக்கு நேரே.

கூட்டம் கலைந்ததும் கோயில் பிக்கு துடைப்பத்தோடு வந்தார். தம் வாசலைப் பெருக்கிவிட்டு, கேட்காமலே நண்டுவின் வீட்டு வாசலையும் பெருக்கினார்.

"சாமி, உங்களுக்குப் பின்வாசல் இருக்கா?"

"இருக்கே. அந்தப் பக்கம் வெறும் வாய்க்கால். ஏன்மா?"

"எல்லாரையும் அந்த வழியா வரச் சொல்லுங்க. செருப்பையும் அங்கேயே விடட்டும். செருப்பு இருக்கிற இடத்துலதான் பேச்சு இருக்கு."

பிக்கு துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷமா மௌனம் பழகுறேன். இது என் கண்ணுல படலையே!"

செருப்பு அலமாரியின் ஒரு முனையை அவர் தூக்கினார். மறுமுனையை நண்டு தூக்கினாள்.

அடுத்த ஞாயிறு அதிகாரி எட்டு மணிக்கே வந்து தெருவில் நின்றார். எட்டேகால் ஆனது. எட்டரை ஆனது. ஒரு காகம் கரைந்தது. அவர் தாளில் எழுத ஒன்றும் இல்லை.

கடைசியில் நண்டுவின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் சத்தமில்லாமல் திறந்தாள்.

"இங்கே சத்தம் தாங்க முடியலைன்னு மனு போட்டவர் இருக்காராம்மா?"

உள்ளறையிலிருந்து கர்ர்ர் என்று குறட்டை வந்தது.

"இருக்கார் சார். எழுப்பணுமா?"