ஞாயிறு ஐந்து மணி... ஒரு கரிநாக்கு!

ஜமால் கடையின் ஷட்டரைத் தூக்கினார்.

உள்ளே ஒரு பிணம் கிடந்தது!

குப்புற விழுந்திருந்தது. தலை, துணி வெட்டும் மேசைக்கு அடியில். உடம்பில் நீல ஜெர்சி. விலாவில் கைப்பிடி வரை இறங்கிய கத்தரிக்கோல். அதைச் சுற்றித் தரையெல்லாம் சிவப்பு...

"யா அல்லா..."

அலறல் முல்லா வீதியின் கடைசி வீடு வரை போனது. எதிர்ச் சாரியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த வேம்பு ஓடி வந்தார். பிணத்தைப் பார்த்தார். பார்த்த கையோடு போலீசுக்கு போன் போட்டார். அதற்குப் பிறகுதான் குனிந்து பிணத்தின் தோளைத் தொட்டார்.

"பாய்... இது உங்க பொம்மை."

பொம்மையேதான். வாசலில் நின்று புதுத்துணி காட்டும் பஞ்சடைத்த பொம்மை. சிவப்பு என்பது மேசையிலிருந்து சரிந்து விழுந்த கொடித்துணி. முப்பது வருடமாகக் கொடி தைக்கிறவருக்குத் துணிக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று மதியத்துக்குள் தெரு முழுக்கச் சிரிக்கும்.

ஜமாலுக்கு அந்தக் கவலை அப்போது இல்லை. ஜெர்சியின் முதுகில் தையல் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை அவர் இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

'ஞாயித்துக்கெழம ஃபிரான்ஸ்னு சொன்னா அடுத்த குத்து உனக்கு.'

இன்றைக்கு வெள்ளி. நடுவில் ஒரே ஒரு நாள்!

இந்த இடத்தில் ஜமாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தேர்தல் வந்தால் கட்சிக் கொடி தைப்பார். உலகக் கோப்பை வந்தால் நாட்டுக் கொடி தைப்பார். உலகக் கோப்பையில் இந்தியா இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அதனால் என்ன, பாண்டிச்சேரி இருக்கிறது. கூப்பிடாத கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் உட்காருகிற மாதிரி, நம் ஊர்க்காரர்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஊரான் வீட்டு அணிகளுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொள்வார்கள்.

போட்டி தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு, வைத்திக்குப்பம் கடற்கரையில் ரசிகர்கள் கூடுவார்கள். ஜமால் மைக்கைப் பிடித்து, கோப்பை யாருக்கு என்று அறிவிப்பார்.

2010-இல் ஃபிரான்ஸ் என்றார். முதல் சுற்றோடு மூட்டை கட்டியது.

2014-இல் ஸ்பெயின் என்றார். போன தடவை கோப்பை வாங்கிய அணி. அதுவும் முதல் சுற்றோடு ஊர் போய்ச் சேர்ந்தது.

2018-இல் ஜெர்மனி. அதே கதி...

2022-இல் பிரேசில். காலிறுதியில் கண்ணீர்!

அன்றிலிருந்து அவர் பெயர் கரிநாக்கு பாய். பிள்ளைச்சாவடியிலிருந்தும் கனகசெட்டிக்குளத்திலிருந்தும் ஆட்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவது, எந்த அணி நிச்சயமாகத் தோற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான். ஜமால் மட்டும் அது தன் கால்பந்து அறிவுக்குக் கூடுகிற கூட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த அறிவின் ரகசியம் நமக்குள் இருக்கட்டும். கடையில் எந்த நிறத் துணி மிஞ்சிக் கிடக்கிறதோ, அந்தக் கொடிக்கார நாடு ஜெயிக்கும். அவ்வளவுதான்! ஸ்பெயின் என்பது பார்லிமெண்ட் தேர்தலில் மிஞ்சிய சிவப்பும் மஞ்சளும். ஜெர்மனி என்பது கறுப்புக்கொடி ஆர்ப்பாட்டத்துக்குத் தைத்ததில் நின்றுபோன கறுப்பு. இந்த வருடம் சட்டசபைத் தேர்தலில் ஒரு சுயேச்சை வேட்பாளர் நீலம், வெள்ளை, சிவப்பில் இரண்டாயிரம் கொடி கேட்டார். துணி வந்து இறங்கிய அன்றைக்கே மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போனார். கடையே ஃபிரான்ஸ் ஃபிரான்ஸ் என்று கத்தியது.

செத்துப் போவதற்குள் ஒரே ஒரு தடவையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் ஜமாலின் ஆசை. இப்போது சொன்னாலே சாவு என்று ஆகிவிட்டது.

*

சப்-இன்ஸ்பெக்டர் கவிநிலா வந்தார். பிணத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டது ஜமாலின் கண்ணில் பட்டது.

பூட்டு உடையவில்லை. இன்னொரு சாவி வீட்டு ஆணியில் தொங்குவதாக ஜமால் சொன்னார்.

"ஃபிரான்ஸ்னு சொல்லப்போறது யார் யாருக்குத் தெரியும், பாய்?"

"ஒருத்தருக்கும் தெரியாது மேடம். நேத்து சாப்புடறப்ப வீட்ல மட்டும் சொன்னேன்."

"வீட்லன்னா?"

"என் சம்சாரம் நஜீமா. அவள விடுங்க. பந்து உருண்டையா சதுரமான்னு கேட்டா, மாவு பெசஞ்சிட்டு சொல்றேம்பா."

கவிநிலா அதைக் குறித்துக்கொண்டார். சந்தேகம் யார்மேல் என்று கேட்டார். ஜமால் யோசிக்கவே இல்லை.

"சொல்தா கலியபெருமாள்."

சொல்தா என்றால் ஃபிரெஞ்சு மொழியில் சிப்பாய். ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மொட்டை மாடியில் வருடம் முழுக்க மூவர்ணக் கொடி பறக்கும்... அவர்களுடைய மூவர்ணம். 2010-இல் ஜமால் ஃபிரான்ஸ் என்று சொன்ன பிறகு எட்டு வருடம் பேச்சை நிறுத்தியவர். 2018-இல் ஃபிரான்ஸ் கோப்பையை வாங்கியதும் சென்ட் பாட்டிலோடு வந்து கட்டிப் பிடித்தவர்.

ஆள் அனுப்ப வேண்டிய வேலையே இல்லை. செய்தி கேட்டு அவரே வந்து நின்றார். எழுபது வயதிலும் முதுகு நேர்க்கோடு. பொம்மையைப் பார்த்தார். அது ஃபிரான்ஸ் அணியின் நீல ஜெர்சி என்று பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

"முசியே, இத நீங்கதான பண்ணீங்க?" என்றார் ஜமால்.

"நான் குத்தணும்னா நேருக்கு நேரா நெஞ்சுல குத்துவேன், ஜமால். வெலாவுல குத்துறது எங்க ரெஜிமென்ட்ல பழக்கமில்ல. அதுவும் அந்த ஜெர்சி மேல... என் கை அழுகிப் போயிடும்."

குரலில் பொய் இல்லை. கவிநிலாவுக்கே அது புரிந்தது. ஆனால் கிழவர் அதோடு போகவில்லை. ஜமாலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"குத்துனவன் யாரோ, அவன் நல்லா இருக்கட்டும். சில் வூ ப்ளே, தயவு பண்ணு ஜமால்... உன் கால்ல வேணா விழறேன். ஃபிரான்ஸ்னு மட்டும் சொல்லிடாத. எனக்கு இன்னொரு உலகக் கோப்ப பாக்க ஆயுசு இருக்கோ இல்லியோ."

கண் கலங்கிவிட்டது கிழவருக்கு. கொலைகாரனாக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று ஜமாலுக்குத் தோன்றியது. நாலு பேர் காதில் விழ, என் வாயால் என்னய்யா ஆகப்போகிறது என்று கேட்க வாயைத் திறந்தார். வேம்பு உட்பட எல்லோரும் பதறிப்போய் அவர் வாயையே பார்த்தார்கள். மூடிக்கொண்டார்.

"பாய், இங்க வாங்க."

கவிநிலா மண்டியிட்டு, கத்தரிக்கோல் இறங்கிய இடத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெர்சி எங்க கிழிஞ்சிருக்கு, காட்டுங்க."

ஜமால் குனிந்தார். தடவினார். திடுக்கிட்டார்!

துணியில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத் தையலை நான்கு விரல் அளவுக்குப் பிரித்து, அந்தச் சந்து வழியாகக் குத்தியிருந்தது. பிரித்த நூலை ஓரமாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தது, மேலே பிரியாமல் இருக்க.

"மறுபடி ஒரு தையல் போட்டா புதுசு," என்றார் கவிநிலா. "இதுக்குப் பேரு கொலையில்ல பாய், ஆல்டரேஷன். இவ்ளோ சுத்தமா தையல் பிரிக்கத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல எத்தன பேரு?"

"நான் ஒருத்தன். அப்புறம் எங்க வீட்ல..."

பாதியில் நின்றார் ஜமால்.

கவிநிலா எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார். கத்தரிக்கோலை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டார். புகார் எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்பதை வீட்டில் கலந்துகொண்டு சொல்லும்படி சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அப்புறம் பாய்... அதுக்காக பிரேசில்னு சொல்லிடாதீங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அந்த மஞ்ச சட்டதான்."

*

நஜீமா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜமால் ஜெர்சியை அவள் எதிரில் வைத்தார். முடிச்சுப் போட்ட நூலைக் காட்டினார்.

அவள் மறுக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல கிழிச்சிடலாம்னுதான் நெனச்சேன். மனசு வரலங்க."

"நீயா? என்னையா? 'அடுத்த குத்து உனக்கு'ன்னு எழுதறதுக்கு ஒனக்குக் கை வந்துச்சா?"

"மெரட்டல்ல மரியாத போட்டா நான்னு கண்டுபுடிச்சிடுவீங்கல்ல?"

கொலை மிரட்டலை விட அந்த 'உனக்கு'தான் ஜமாலைக் குத்தியது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதற்காக என்று கேட்டார்.

அவள் சொல்லச் சொல்ல அவருக்குத் தலை சுற்றியது. கல்யாணமான வருடம் 98. உலகக் கோப்பையை ஃபிரான்ஸ் வாங்கியது. டீவியைப் போட்டுவிட்டுப் புது மாப்பிள்ளை முதல் பாதியிலேயே குறட்டை விட, புதுப்பெண் சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுசாகப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு ஃபிரான்ஸ் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட அவள் விடவில்லை. ஒவ்வொரு உலகக் கோப்பையிலும் அவர் நாற்காலியில் தூங்குவார். அவள் பின்னால் நின்று பார்ப்பாள். காலையில் ஸ்கோரை அவர் பேப்பரில் படித்து அவளுக்கு விளக்குவார்... அவளும் முதன்முதலாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்வாள்!

"2006 ஃபைனல்ல ஃபிரான்ஸ் தோத்தப்புறம் நீ அழுதுகிட்டிருந்த. வெங்காயம்னு சொன்ன."

"அன்னிக்கு வீட்ல ஒரு வெங்காயம் கூட இல்லங்க."

ஜமால் பாதி நறுக்கிக் கிடந்த வெங்காயத்தைப் பார்த்தார்.

"2010-ல நீங்க ஃபிரான்ஸ்னு சொன்னீங்க. மொத ரவுண்டுல போச்சு. மூணு நாள் நான் சோறு எறங்காம கெடந்தேன். அப்புறந்தான் நீங்க எப்புடி சொல்றீங்கன்னு பாத்தேன். மேசையில எந்தத் துணி கெடக்குதோ அதான் ஒங்க கணக்கு. அதுக்கப்புறம் நாந்தான் துணிய எடுத்து வெச்சேன். 18-ல பரண்லேர்ந்து கறுப்ப எறக்கிப் போட்டது யாருன்னு நெனச்சீங்க? 22-ல பச்சையும் மஞ்சளும் வெச்சேன். இந்த வாட்டி ரெண்டாயிரம் கொடித்துணி. நான் எங்கன்னு ஒளிப்பேன்? வேற வழி தெரியல, குத்திட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, நஜீமா."

"சொன்னா நீங்க நல்ல மனசோட, கவலப்படாத ஃபிரான்ஸ்தான் ஜெயிக்கும்னு சொல்லிடுவீங்க. அந்த பயந்தாங்க."

உண்மையில் அந்த வாக்கியம் ஜமாலின் நாக்கு நுனி வரை வந்துவிட்டிருந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கே கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவன் என்று மார் தட்டியவர், தன் வீட்டு அடுப்படியில் இருந்த நிபுணரை இருபத்தெட்டு வருடம் வெங்காயம் நறுக்க வைத்திருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவள்மேல் புதிதாக ஒரு மரியாதைதான் வந்தது. இந்த வீட்டில் யார் வாய்க்கு மைக் பொருந்தும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம நீ பேசு. நான் வாயத் தெறக்க மாட்டேன். சத்தியம்."

*

ஞாயிறு. மாலை ஐந்து.

வைத்திக்குப்பம் மணலில் படகுகளின் மேல்கூட ஆள் ஏறி நின்றது. நாற்பத்தெட்டு நாட்டுக் கொடிகள் காற்றில் படபடத்தன. முன்வரிசையில் சொல்தா கலியபெருமாள், கண்ணை மூடி உதடு அசைய எதையோ வேண்டிக்கொண்டிருந்தார். கவிநிலா மஃப்டியில், மஞ்சள் சட்டையில் வந்திருந்தார். புகார் இல்லை, அதனால் சாட்சிப் பொருளும் வேண்டாம் என்று சொல்லி, கத்தரிக்கோலை மேடை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஜமால் மைக்கை வாங்கினார். கூட்டம் மூச்சை அடக்கியது. ஒரு வார்த்தையும் பேசாமல் அதை நஜீமாவிடம் கொடுத்தார்!

சலசலப்பு எழுந்தது. நஜீமா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"போன ஃபைனல்ல எம்பது நிமிஷம் வரைக்கும் தூங்குனாங்க. அப்புறம் முழிச்சுகிட்டு மூணு கோல் போட்டு பெனால்டி வரைக்கும் இழுத்தாங்க. பெனால்டியில தோத்தது தோல்வியில்ல, அது சீட்டுக் குலுக்கறது மாதிரி. மொத நிமிஷத்துலேர்ந்து முழிச்சிருந்தா அவங்கள எவனாலயும் தொட முடியாது. இந்த வாட்டி கப்பு ஃபிரான்ஸுக்குத்தான்."

கைதட்டல்... நிஜமான கைதட்டல்! ஜமாலுக்கு ஒரு தடவைகூட இப்படிக் கிடைத்ததில்லை. சொல்தா எழுந்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கரிநாக்கு படாமல் ஃபிரான்ஸ் தப்பித்துவிட்டது. நஜீமா சிரித்துக்கொண்டே கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

பெருமை தாங்கவில்லை ஜமாலுக்கு. பக்கத்தில் நின்ற வேம்பு, ஒரு வார்த்தை பேசுங்க பாய் என்று விளையாட்டாகச் சொல்லி இன்னொரு மைக்கை நீட்டிவிட்டார்.

நீட்டியிருக்கக் கூடாது.

"எங்க வீட்டம்மா சொன்னா அதுல மாத்தமே இல்ல!" என்று முழங்கினார் ஜமால். "நானும் சொல்றேன், ஃபிரான்ஸ்தான்!"

கைதட்டல் அறுந்தது.

சொல்தா வைத்த சல்யூட்டை இறக்காமலே மெல்ல நாற்காலியில் சரிந்தார். படகுமேல் நின்ற யாரோ தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஜமால் மெதுவாகத் திரும்பினார்.

நஜீமாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் கை, மேசைமேல் இருந்த கத்தரிக்கோலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

இந்தத் தடவை அவள் தையலைப் பிரித்துவிட்டுக் குத்துவாள் என்று ஜமாலுக்குத் தோன்றவில்லை.