கார்விக்கின் கேப்டன் படகில் வருகிறார்

கேப்டன் லயனல் ஃபேர்பர்ன் தம் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவரே படகில் வந்துகொண்டிருப்பதாக வெளியே ஒரு குரல் அறிவித்தது.

பிரிட்டிஷ் கடற்படையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. இருட்டில் நெருங்கும் படகைப் பார்த்துக் காவலாள், "படகுல யாரு?" என்று கத்துவான். அதிகாரி யாராவது இருந்தால் படகிலிருந்து "ஆமா, ஆமா" என்று பதில் வரும். வெறும் மாலுமிகள் என்றால் "ஹலோ". கப்பலின் கேப்டனே உட்கார்ந்திருந்தால் மட்டும் கப்பலின் பெயரைச் சொல்வார்கள். கடலில் கேப்டன் வேறு, கப்பல் வேறு இல்லை.

1912 டிசம்பர். ஸ்காட்லாந்தின் க்ராமார்ட்டி வளைகுடாவில் மாலை மூன்றரைக்கே இருட்டிவிட்டது. மூடுபனி என்றால் அப்படியொரு மூடுபனி. ஆணி அடிக்காமலே அதில் தொப்பியை மாட்டலாம். கடற்காகங்கள் பறக்கத் துணிவில்லாமல் தளத்தில் நடந்தே போயின. அதற்குள்ளிருந்து துடுப்புச் சத்தம். காவலாளின் கூவல். பிறகு, சாவகாசமாக, பதில்:

"கார்விக்!"

கார்விக் அவருடைய கப்பல்.

"எவனோ கரையில ரெண்டு மடக்கு கூடுதலா ஊத்திக்கிட்டான், சார்," என்றான் பணியாள் டிப்பெட். "தன்னையே கேப்டன்னு நெனச்சிட்டிருக்கான்."

"படகு வந்து சேர்ந்ததா?"

"இல்ல சார். அப்படியே காணாமப் போச்சு."

ஃபேர்பர்ன் பதின்மூன்று வயதில் கடற்படையில் சேர்ந்தவர். பயிற்சிக் காலத்தில் அவர் பாய்மரக் கம்பங்களில் ஏறிய உயரத்தைக் கூட்டினால் நிலவுக்குப் பாதி வழி போயிருக்கலாம். மால்டாவில் காய்ச்சல், சீனத்து ஆறுகளில் கொசு, மேலதிகாரிகளின் மூட்டுவலிப் புலம்பலுக்கெல்லாம் தலையாட்டல். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா போன செய்தி நாலு மாதம் கழித்துக் கடிதத்தில் வந்தது. முப்பத்தோரு வருஷமும் ஒரே ஒரு கப்பலுக்காக.

மூன்று வாரம் முன்பு அது கிடைத்தது. கூடவே இன்னொன்றும் கிடைத்தது: கேப்டன் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். அதிகாரிகளின் உணவறைக்கு, அவர்கள் அழைத்தால்தான் போகலாம். யாரும் அழைக்கவில்லை. இரும்புச் சுவருக்கு அந்தப்பக்கம் அவர்கள் சிரிப்பார்கள். இந்தப்பக்கம் அவர் அந்தச் சிரிப்பைத் தொட்டுக்கொண்டு ரொட்டி தின்பார். போகட்டும், கப்பல் தம்முடையது. அதையும் எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் ஒரு கோட்டுதான்.

மறுநாள் அதே நேரத்துக்கு மேல்தளத்துக்குப் போய் நின்றார். ஈரக் கம்பளியும் பூட்டிக்கிடந்த நிலவறையும் கலந்த வாடை பனியோடு வந்தது. துடுப்புச் சத்தம் நேற்றைவிடப் பக்கத்தில் கேட்டது.

"கார்விக்!"

"யாரய்யா அது?" என்றார்.

"நீங்கதான் வர்றீங்களாம், சார்," என்ற லெஃப்டினன்ட் கரூ நாக்கைக் கடித்துக்கொண்டான். பின்னால் மாலுமி ஒருவன் சிரிப்பை அடக்கி இருமினான்.

"அந்தப் படகு வந்தா யாரும் மரியாதை செய்யக் கூடாது."

"கப்பல் பேரைச் சொல்லிட்டா விசில் ஊதி வரவேற்கணும், சார். விதி அப்படி."

"நான் இங்க நிக்கிறேனே!"

"ஆமா சார்."

சொன்னான். ஆனால் சொல்வதற்கு முன் அவருடைய கோட்டுக் கையில் பதவியைக் காட்டும் தங்கப் பட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தான்.

மூன்றாம் நாள் தேநீர் வரவில்லை. மணியை அடித்தார். டிப்பெட்டும் வரவில்லை. தாழ்வாரத்தில் அவனுடைய நடை, அறையைத் தாண்டி அவசரமாகப் போனது. மேலே பூட்ஸ்கள் ஓடி வரிசையில் நின்றன. காவலாள் கத்தினான்.

பதில் ஜன்னலுக்கு நேர் கீழே கேட்டது.

மரம் இரும்பில் மோதியது. விசில் நீளமாக ஊளையிட்டது. ஏணியில் காலடி. இடது பூட்ஸ் மட்டும் கிறீச்சிட்டது.

அப்படிக் கிறீச்சிடுவது அவருடைய பூட்ஸ்.

ஓடினார். தளத்தில் எல்லோரும் சல்யூட்டில், அவருக்கு முதுகு காட்டியபடி. அதே தங்கப் பட்டைகளோடு ஈரமான ஒரு கோட்டு அவர்களுக்கு நடுவே நடந்துபோனது.

"நான்தான் கேப்டன்!"

கரூ தோளுக்கு மேல் திரும்பினான். "யோவ், வரிசையில நிக்காம என்ன அங்க கூச்சல்? போ கீழ."

அவர் அவன் கையைப் பிடித்தார். கொசுக்கடி பட்டவன்போல அவன் சொறிந்துகொண்டான். அவ்வளவுதான்.

"சார்," என்றான் கரூ, ஈரக் கோட்டைப் பார்த்து, குழைவாக. "இன்னிக்கு நீங்க எங்களோடதான் சாப்பிடணும். மறுக்கக் கூடாது."

எல்லோரும் கீழே போனார்கள். ஃபேர்பர்ன் பின்னால் போனார். உணவறைக் கதவு அவர் முகத்தில் மூடிக்கொண்டது. தட்டினார். சத்தம் எழவில்லை. கதவின் வட்டக் கண்ணாடியில் கண்ணை வைத்தார்.

விளக்குகள். வறுத்த மாட்டிறைச்சி. பன்னிரண்டு அதிகாரிகள், சிவந்த முகங்கள். தலைமை நாற்காலியில் கோட்டு. சட்டைக்கைகளிலிருந்து கடல் நீர் வழிந்து மேஜைவிரிப்பை நனைத்தது. காலருக்கு மேலே தலை இல்லை. மூடுபனி. ஒரு தலையளவுக்கு, மெதுவாகச் சுழன்றபடி.

அது ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

டிப்பெட் குனிந்து, அந்தப் பனிக்குள் ஒயினை ஊற்றினான். அது கழுத்துப்பட்டை வழியாகச் சிவப்பாக ஒழுகியது. பிள்ளைக்குத் துடைப்பதுபோல, வாய் இருக்க வேண்டிய இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, டிப்பெட் அடுத்த கோப்பையை நிரப்பினான்.