வெளிச்சம் படக்கூடாது

ஈயம் வியர்த்திருந்தது.

சோபனாவால் அதை முதலில் நம்ப முடியவில்லை. அலுமாரியின் நடுத்தட்டில், பயணத்துக்கென்று மடித்து வைத்த பருத்திச் சேலையின் மேல், அந்தச் சாம்பல் நிற ஈயப் பெட்டி நேற்று வைத்த இடத்திலேயே சவர்க்காரக் கட்டி போலக் கிடந்தது. ஆனால் மூடியை மடித்து அடித்திருந்த விளிம்பு நெடுகிலும் துளித்துளியாக ஏதோ கசிந்து, சேலையில் வழிந்து, பழுப்பாக ஒரு வட்டம் பிடித்திருந்தது. விரலால் தொட்டாள். தண்ணீர் இல்லை. விரல்களைப் பிரித்தபோது நூலாக இழுபட்டது. மோந்து பார்த்த பிறகு, ஏன் மோந்து பார்த்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பழியைக் கருவாட்டின்மேல் போட்டாள். சென்னையில் இருக்கும் தம்பியின் கூட்டாளிக்கென்று அம்மா கட்டிக் கொடுத்த பார்சல் கீழ்த்தட்டில் இருந்தது. அதைத் தூக்கிக் குசினி அடுப்போரம் வைத்து, அலுமாரியை டெட்டோல் போட்டுத் துடைத்து, கதவுகளைத் திறந்து விட்டாள். உவர்மலை வீட்டுக்குக் கீழே இருந்த துறைமுகத்திலிருந்து உப்புக்காற்று வந்து அறையை நிறைத்தது. ஆனாலும் மணம் போகவில்லை. கருவாட்டு மணம் அவளுக்குப் பழகியது, பசியைக்கூடக் கிளப்பும். இது வேறு. பூச்சாடியில் அழுகிய தண்ணீரும் மூடிய காயமும் கலந்த இனிப்பு மணம். இதே மணத்தை அவள் ஒருமுறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் மோந்திருக்கிறாள். அதற்குமேல் நினைக்க விரும்பவில்லை.

பெட்டிக்குள் இருந்தது தம்பி இராகுலனின் கடைசிப் படச்சுருள். கைத்தொலைபேசியில் ஊரே படம் பிடிக்கிற காலத்தில் அவன் மட்டும் பழைய கமராவும் ரோலுமாகத் திரிந்தான். சல்லிக் கிராமத்துக் கடலில் குளிக்கப் போன அன்று காலை, கமராவை அம்மாவின் கையில் கொடுத்து, கிணற்றடியில் நின்று, "என்னை ஒண்டு எடுங்கோ அம்மா" என்றான். அம்மா வாழ்க்கையில் எடுத்த ஒரே படம் அதுதான். சில நாள் கழித்து அவனைக் கரைக்குக் கொண்டுவந்தது இராசதுரை மாமாவின் கரைவலை.

முகத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை. காட்ட முகம் இருக்கவில்லை. நண்டு தின்றது என்று எல்லோரும் சொன்னார்கள், சோபனாவும் அப்படியே சொன்னாள். அடையாளம் காட்டப் போனவள் அவள்தான். நெற்றி மயிர் தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை, நண்டு பிய்த்ததுபோல இல்லாமல், ஓரம் சீராக, பாம்பு சட்டை கழற்றியதுபோல இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளால் இறைச்சிக்கடைப் பக்கம் போக முடியவில்லை.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்தும் அம்மா ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். "அவன்ட முகத்தை எனக்கு ஒருக்காக் காட்டிவிடு பிள்ளை." அலுவலகப் பயிற்சிக்காகச் சோபனா சென்னைக்குப் போக வேண்டி வந்தது. அங்கே அந்தக் கூட்டாளி வீட்டிலேயே ரோல் கழுவுகிறவன். ஆனால் வழியில் விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் கதிர் இருக்கிறது. கழுவாத ரோலில் அது பட்டால் படம் புகைமூட்டமாகிவிடும், தம்பியுடைய ரோல் மங்கிய வெளிச்சத்துக்கானது, கூடுதலாகக் கெடும். ரோலைத் தனியாக எடுத்துக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று சோபனா சொன்னாள். மாமாவோ விடவில்லை. "ஆமிச் சென்றியில என்ர கண்ணுக்கு முன்னால கமராவைத் திறந்து ரோலை இழுத்து எறிஞ்சவங்கள். ஒருத்தர்ட கையிலயும் குடுக்கப்படாது" என்றார். ஈயத்துக்குள் கதிர் போகாதாம். அவரே உருக்கி, தகடாக வார்த்து, ரோலை உள்ளே வைத்து, விளிம்பைச் சுத்தியலால் அடித்து மூடித் தந்தார்.

சோபனா கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டாம் தரமும் கழுவிவிட்டு மாமாவுக்கு அழைப்பெடுத்தாள்.

"மாமா, அந்த ஈயம் எங்கால எடுத்தனீங்கள்?"

"ஏன் பிள்ளை? வலையில கட்டுற குண்டுதான்."

"எந்த வலை?"



"அந்த வலையை இனி ஆர் கடலில இறக்கப்போறாங்கள்? பிரேதம் ஏறின வலை. பின்வளவில கிடந்து உக்குது. ஈயமாவது அவனுக்கு உதவட்டும் எண்டு நினைச்சன்."

"கழுவினனீங்களோ?"

"கிட்டப் போக ஆருக்கு மனம் வரும்? குண்டை மட்டும் அறுத்தெடுத்தனான். நெருப்பில போட்டாத் தீட்டு நிக்காது பிள்ளை. சட்டியில கொஞ்சம் பொரிஞ்சுதுதான். பாசி எண்டு விட்டிட்டன்."

அவள் ஓடிப்போய்க் குசினித் தொட்டிக்குள் வாந்தி எடுத்தாள். பொரிந்தது. அந்தச் சொல் காதுக்குள் எண்ணெய்போல ஒட்டிக்கொண்டது. ரோலின்மேல் பூசியிருப்பது மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை என்று தம்பி ஒருமுறை சொல்லி, வெள்ளிக்கிழமை விரதக்காரியான அவளைக் கமராவைத் தொடவிடாமல் நாள் முழுக்கச் சீண்டியது நினைவுக்கு வந்தது. அன்று சிரித்தாள். இப்போது வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

பெட்டியை வெட்டி ரோலை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடலில் எறிவது என்று முடிவெடுத்தாள். கத்தியோடு அறைக்குத் திரும்பியபோது அலுமாரித் தட்டு வெறுமையாக இருந்தது.

அம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மின்சாரமும் நின்றிருந்தது, யன்னலால் வந்த மங்கல் வெளிச்சத்தில் அம்மாவின் கன்னத்துக்கும் தலையணைக்கும் இடையே அந்தப் பெட்டி தெரிந்தது. கன்னம் பளபளத்தது. காதுவரை வழிந்திருந்தது. ஒரு இழை உதட்டோரம் வரை வந்து, அம்மா மூச்சு விடும்போதெல்லாம் விரிந்து சுருங்கியது.

"அம்மா, அதைத் தாங்கோ. நாறுது."

"என்ன நாறுது? எனக்கு ஒண்டும் மணக்கேல்லை."

"திறந்து ரோலை மட்டும் எடுப்பம்."

"ஏலாது!" அம்மா பெட்டியை நெஞ்சோடு அணைத்தாள். "வெளிச்சம் படக்கூடாது எண்டு நீதானே சொன்னனீ? பட்டா முகம் போயிடும் எண்டனீ."

"ரோல் டப்பிக்குள்ளதான் அம்மா கிடக்கு. ஒண்டும் ஆகாது."

அம்மா கேட்கவில்லை. சோபனா கத்தியைக் கீழே வைத்தாள். பிடுங்கியிருக்கலாம். ஆனால் அதைத் தொடவேண்டுமே. தொட அவளுக்கு அருவருப்பாக இருந்தது, சொந்தத் தம்பியின் பொருளைத் தொட அருவருப்பதை நினைக்க அழுகையாகவும் இருந்தது. வாசலிலேயே நின்றாள். அப்போதுதான் அது கேட்டது. ஈயத்தின் உள்பக்கத்தில், மெதுவாக, ஈரமான எதுவோ புரண்டு படுக்கும் சத்தம்.

அம்மா பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள்.

காலையில் அம்மாவும் கூடவே ஓட்டோவில் ஏறினாள். பெட்டியைச் சீனன்குடா விமானத்தளம் வரை மடியிலேயே வைத்திருந்தாள். அலுவலகம் அங்கிருந்து சிறு விமானத்துக்குப் பதிந்திருந்தது. ஓட்டோக்காரர் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, "அக்கா, மீன் ஏதும் கொண்டு போறீங்களோ?" என்று கேட்டுவிட்டுச் சட்டைக்கொலரை மூக்குக்கு இழுத்தார். எண்ணெய்த்தாங்கிகளைக் கடந்து போகும்வரை சோபனா வாயால் மூச்சு விட்டாள். வாயாலும் அது ருசித்தது.

நுழைவாயிலுக்கு வெளியே மரநிழலில் அம்மா இருந்துகொண்டாள். ஓட்டோவும் நின்றது. அம்மா நீட்டிய பெட்டியைச் சோபனா பொலித்தீன் பையில் சுற்றி, கைப்பைக்குள் திணித்து, உள்ளே போனாள். சோதனைக்கருவியில் இருந்த பெண்ணின் சட்டையில் பரீனா என்று பெயர் இருந்தது. கைப்பை றப்பர்ப் பட்டியில் ஏறி உள்ளே போனது. பட்டி நின்றது.

"உள்ளுக்க என்ன வச்சிருக்கிறீங்க?"

"பிலிம் ரோல். கதிர் படாமல் ஈயத்துக்குள்ள..."

"அப்படியே கையில தந்திருந்தா கையாலேயே பார்த்திருப்பமே. ஈயத்துக்க அடைச்சா ஒண்டும் தெரியாது, சந்தேகம்தானே வரும்." பரீனா திரைக்குக் குனிந்தாள். குரல் தணிந்தது. "ஆனா இது தெரியுது. முகமூடி ஏதுமா? றப்பர் முகமூடி?"

சோபனா எட்டிப் பார்த்தாள். சீப்பு, சாவி, மருந்துப்போத்தல் எல்லாம் நிறம் நிறமாக. நடுவில் ஈயம், கறுப்புக் கட்டியாக. கறுப்பின் நடுவில் வெளிறிய ஒன்று, பக்கவாட்டாக மடிந்து கிடந்தது. மூக்கின் வளைவு. உதடு.

"திருப்பி ஒருக்கா விடுறன்" என்றாள் பரீனா.

பட்டி பின்னால் போய் முன்னால் வந்தது. இந்தத் தரம் பக்கவாட்டாக இல்லை. நேராக இருந்தது. இரண்டு கண்குழிகளும் திரைக்குள்ளிருந்து வெளியே பார்த்தன.

பரீனா எழும்பி, இருந்த கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். ஏதோ ஓதினாள். "வெளியில கொண்டு போங்க. ரோலை மட்டும் எடுத்துக்கொண்டு வாங்க. அந்தப் பெட்டி எனக்கு வேணாம்."

சோபனா எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. பை கனத்தது. வீதிக்கு அப்பால் குடாவின் தண்ணீர் தெரிந்தது. அதற்குள் எறிந்துவிட்டால் போதும். பொலித்தீனைப் பிடித்து இழுத்தாள். கிழிந்தது. கை முழுக்க வழிந்தது. இளஞ்சூடாக.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

அம்மா. எழுந்து ஓடி வந்தாள். அந்த வயதில் அத்தனை வேகம். பெட்டியைப் பறித்தாள்.

"எறியப் போறன் அம்மா. அது ரோல் இல்லை. அம்மா, சொல்லுறதைக் கேளுங்கோ!"

"முகத்தை எறியப் போறியோ?"

அடித்து மூடிய விளிம்பு தளர்ந்திருந்தது. அம்மா நகத்தை விட்டுப் பிரித்தாள். ஈயம் வாழையிலை மாதிரி விரிந்தது. ரோல் டப்பி வாய் பிளந்து கிடந்தது. சுருள் முழுவதும் வெளியே வந்து, ஊறி, வழுவழுவென்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அதன் நுனியில் மடித்து வைத்த துணிபோல ஒன்று.

அம்மா அதை இரண்டு விரலால் எடுத்தாள். உதறினாள். உள்ளங்கையில் விரித்தாள்.

சேலைத் தலைப்பால் துடைத்தாள். முதலில் நெற்றியை. பிறகு மூக்கோரம். சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து புருவத்தில் பட்ட தழும்பு தெரிந்தது.

"பார் பிள்ளை. ஒண்டும் நடக்கேல்லை அவனுக்கு."

அம்மா அதை வெயிலுக்கு உயர்த்தினாள். வெளிச்சம் பட்டதும் இமைகள் கூசிச் சுருங்கின.

"கண் கூசுதாம்" என்றாள் அம்மா. "கையை வைச்சு மறை."